உருவகப்படுத்தலும் இயந்திரக் கற்றலும்: நிரல்மொழியையும் கருவிகளையும் தேர்ந்தெடுக்கும் முறை

ஓர் அமைப்பு இயங்கும் விதத்தைக் கணினிக்குள் மாதிரியாக எழுதி ஓட்டிப் பார்ப்பது உருவகப்படுத்தல். அந்த அமைப்பு விட்டுச்சென்ற தரவிலிருந்து அதன் போக்கைக் கணிக்கப் பழகுவது இயந்திரக் கற்றல். இவ்விரண்டையும் ஒரே பணியில் சேர்க்க நினைப்பவர்கள் பெரும்பாலும் "எந்த மொழியில் எழுதுவது?" என்ற கேள்வியோடுதான் தொடங்குகிறார்கள். அந்தக் கேள்வியைச் சற்றுத் தள்ளிவைத்துவிட்டு, மாதிரியில் காலம் எப்படி நகர்கிறது, மாதிரியை மொத்தம் எத்தனை முறை ஓட்ட வேண்டியிருக்கும், உருவகப்படுத்தலும் கற்றலும் எந்த இடத்தில் ஒன்றையொன்று தொடுகின்றன என்பவற்றை முதலில் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். இவை தெளிவாகிவிட்டால் பொருத்தமான நிரலகங்கள் (பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல்களின் தொகுப்புகள்) இரண்டு மூன்றாகக் குறைந்துவிடும். மொழியும் அவற்றோடு சேர்ந்தே தீர்மானமாகிவிடும்.

காலம் நகரும் விதம்

வங்கி முகப்பு, தொழிற்சாலை உற்பத்தித் தடம், மருத்துவமனைப் படுக்கை ஒதுக்கீடு போன்றவற்றில் ஒரு நிகழ்வுக்கும் அடுத்த நிகழ்வுக்கும் இடையே எதுவும் மாறுவதில்லை. எனவே மாதிரியின் கடிகாரம் நிகழ்விலிருந்து நிகழ்வுக்குத் தாவினால் போதும். இத்தகைய நிகழ்வுசார் மாதிரிகளுக்குப் பைத்தான் மொழியில் சிம்பை என்ற நிரலகம் உள்ளது. ஒரு வாடிக்கையாளர் வருவது, காத்திருப்பது, சேவை பெறுவது, வெளியேறுவது ஆகியவற்றை நடக்கும் வரிசையிலேயே ஒரு செயற்கூறாக (பெயரிட்டு அழைக்கக்கூடிய நிரல் துண்டாக) எழுதலாம் என்பதால், நிரலைப் படிப்பவருக்கு அமைப்பும் உடனே விளங்கிவிடும். ஆர் மொழியில் இதே பணியைச் செய்யும் சிம்மர் என்ற தொகுப்பின் உட்பகுதி சி++ மொழியில் எழுதப்பட்டிருப்பதால், அது வேகத்திலும் குறைவைப்பதில்லை.

வேதிவினை, மின்சுற்று, நோய்ப் பரவல், வெப்பக் கடத்தல் போன்றவற்றில் நிலை இடைவிடாமல் மாறுகிறது. மாதிரி, மாறும் வீதத்தைக் குறிக்கும் வகைக்கெழுச் சமன்பாடுகளாக அமைகிறது. இங்கே மொழியைவிடத் தீர்க்கும் முறைக்கே முதலிடம் தர வேண்டும். பைத்தானின் அறிவியல் கணக்கீட்டு நிரலகமான சைபையில் தொடக்க மதிப்புச் சிக்கல்களுக்கான (தொடக்க நிலையிலிருந்து முன்னோக்கிக் கணக்கிடும் சிக்கல்களுக்கான) தீர்வி, நாம் வேறெதுவும் குறிப்பிடாவிட்டால் ஆர்கே45 என்ற வெளிப்படை முறையையே (தெரிந்த நிலையிலிருந்து அடுத்த நிலையை நேரடியாகக் கணக்கிடுவது) பயன்படுத்துகிறது. மிக வேகமாக மாறும் கூறும் மிக மெதுவாக மாறும் கூறும் ஒரே சமன்பாட்டுத் தொகுதியில் சேர்ந்திருந்தால், அதாவது சமன்பாடுகள் விறைப்பானவையாக இருந்தால், அந்த முறை மிகச் சிறிய காலப் படிகளை எடுத்துவைத்து ஊர்ந்து செல்லும். ஒவ்வொரு படியிலும் அடுத்த நிலைக்கான சமன்பாட்டைத் தீர்க்கும் ராடௌ, பிடிஎஃப் போன்ற உள்ளார்ந்த முறைகளுக்கு மாற்றினால் அதே மாதிரி அதே கணினியில் சில நொடிகளில் முடிந்துவிடக்கூடும். பைத்தான் மெதுவான மொழி என்று முடிவுகட்டி மாதிரியை முழுவதும் சி++ மொழியில் திரும்ப எழுதத் தொடங்கும் முன், தீர்வியின் பெயரை ஒருமுறை மாற்றிப் பார்ப்பது மிகுந்த உழைப்பை மிச்சப்படுத்தும். அதே தீர்வியின் ஒப்பீட்டுப் பிழை வரம்பு இயல்பாக ஆயிரத்தில் ஒன்று என்ற அளவிலேயே இருக்கிறது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். அதன் விடைகளைக் கொண்டு ஒரு கற்றல் மாதிரியைப் பயிற்றுவித்தால், அந்தப் பிழையையும் சேர்த்தே அது கற்றுக்கொள்ளும்.

தனித்தனி மனிதர்கள், விலங்குகள், வாகனங்கள் ஒவ்வொன்றும் தத்தம் விதிப்படி நடந்து, அவற்றின் கூட்டு விளைவை நாம் காண விரும்பினால் அது முகவர் அடிப்படையிலான மாதிரி. ஊரி விலென்ஸ்கி உருவாக்கி 1999இல் வெளிவந்த நெட்லோகோ, கருத்தை விரைவாகச் சோதித்துப் பார்ப்பதற்கு இன்றும் மிகச் சிறந்த கருவி என்பது என் மதிப்பீடு. திரையில் முகவர்கள் நகர்வதைப் பார்க்கும்போதே விதிகளில் உள்ள தவறு கண்ணில் பட்டுவிடும். பின்னர் கற்றல் நிரலகங்களோடு இணைக்க வேண்டுமெனில் பைத்தானில் மேசாவும், முகவர்களின் எண்ணிக்கை பெரிதெனில் ஜூலியா மொழியின் ஏஜென்ட்ஸ் தொகுப்பும் பொருந்தும். பாய்மங்களின் ஓட்டம், திண்மங்களின் தகைவு போன்ற பகுதி வகைக்கெழுச் சமன்பாட்டுச் சிக்கல்களைச் சொந்தமாக எழுதத் தொடங்கவே வேண்டாம். ஓப்பன்ஃபோம், ஃபெனிக்ஸ் போன்ற ஆயத்த மென்பொருள்களில் பல ஆண்டு உழைப்பு சேர்ந்திருக்கிறது.

ஓட்டங்களின் எண்ணிக்கை

ஒரு மாதிரி ஒருமுறை ஓட 2 நொடி எடுத்தால் அதை யாரும் மெதுவானது என்று சொல்லமாட்டார்கள். ஆனால் சமவாய்ப்பு எண்களைக் கொண்ட மாதிரியில் ஒரே ஓர் ஓட்டத்தின் விடைக்குப் பெரிய மதிப்பில்லை. ஒவ்வொரு சூழலையும் பலமுறை மீண்டும் ஓட்டிச் சராசரியையும் அதன் நம்பக இடைவெளியையும் (உண்மைச் சராசரி இருக்கக்கூடிய எல்லையையும்) காண வேண்டும். கற்றல் மாதிரிக்குப் பயிற்சித் தரவு உருவாக்க 1,000 சூழல்கள் தேவை, ஒவ்வொன்றுக்கும் 30 மறு ஓட்டங்கள் தேவை என்று கொண்டால், மொத்தம் 30,000 ஓட்டங்கள், 60,000 நொடிகள், ஏறத்தாழ பதினாறே முக்கால் மணி நேரம். ஓட்டங்கள் ஒன்றையொன்று சாராதவை என்பதால் கணினியின் எட்டுக் கோர்களில் (தனித்தனியே கணக்கிடும் செயலி அலகுகளில்) பிரித்துக் கொடுத்தால் இரண்டு மணி நேரத்திற்குச் சற்று மேல் ஆகும். இந்த நிலையில் மொழியை மாற்ற வேண்டிய அவசியமே எழவில்லை. மாறாக, முயன்று பார்த்துப் பலனிலிருந்து கற்கும் வலுவூட்டல் கற்றலில், முடிவெடுக்கும் நிரலான முகவர் பயில்வதற்குப் பல இலட்சம், சில வேளைகளில் பல கோடி காலப் படிகள் தேவைப்படும். அங்கே ஒரு படிக்கு ஆகும் மைக்ரோ நொடிகளே பணி ஓர் இரவில் முடியுமா, ஒரு மாதம் இழுக்குமா என்பதைத் தீர்மானிக்கும்.

எனவே ஓட்டங்களின் எண்ணிக்கையையும் ஓர் ஓட்டத்தின் நேரத்தையும் பெருக்கி, கையிலுள்ள கோர்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். வரும் விடை ஓர் இரவுக்குள் அடங்கினால், படிக்க எளிய மொழியைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். அடங்காவிட்டால் முதலில் நேரம் எங்கே செலவாகிறது என்று அளவிடும் கருவியை ஓட்டிப் பார்க்க வேண்டும். மொத்த நேரத்தில் 90 விழுக்காடு உருவகப்படுத்தலிலேயே கழிகிறது என்றால், விலையுயர்ந்த ஜிபியு (இணைக் கணக்கீட்டுக்கு ஏற்ற வரைகலைச் செயலி) வாங்கிக் கற்றல் பகுதியை எவ்வளவுதான் விரைவுபடுத்தினாலும் பத்தில் ஒரு பங்கு நேரத்திற்கு மேல் மிச்சமாகாது. ஜிபியு வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய இந்த எளிய கணக்கைப் பலர் வாங்கிய பிறகுதான் செய்கிறார்கள்.

இரண்டும் இணையும் இடம்

கருவித் தேர்வில் மிகுந்த கவனம் தேவைப்படும் பகுதி இதுதான். கற்றல் மாதிரி உருவகப்படுத்தலுக்கு முன்னால் வரலாம்: பழைய தரவிலிருந்து வருகை வீதத்தையோ சேவை நேரத்தையோ கணித்து மாதிரிக்கு உள்ளீடாகக் கொடுக்கலாம். அவ்வாறெனில் இரண்டும் ஒரே மொழியில் இருக்க வேண்டிய கட்டாயமே இல்லை. ஆர் மொழியில் பொருத்திய பரவலின் அளவுருக்களை ஒரு கோப்பில் எழுதி, ஜாவாவில் இயங்கும் மாதிரி அதைப் படித்துக்கொள்ளலாம். புள்ளியியல் பரவல்களைப் பொருத்துதல், சோதனை வடிவமைப்பு, விடைகளின் பகுப்பாய்வு ஆகியவற்றில் ஆர் மொழியின் தொகுப்புகள் மிகவும் முதிர்ந்தவை. பைத்தான் பரவிவிட்டது என்பதற்காக ஆர் மொழியில் தேர்ந்தவர் அதைக் கைவிட வேண்டியதில்லை.

கற்றல் மாதிரி பின்னாலும் வரலாம். ஓர் ஓட்டத்திற்குப் பல மணி நேரம் எடுக்கும் மாதிரியைச் சில நூறு முறை ஓட்டி, அந்த உள்ளீடு-வெளியீட்டு இணைகளிலிருந்து ஒரு பதிலி மாதிரியைப் பயிற்றுவித்து, பிறகு அந்தப் பதிலியையே உகப்பாக்கத்திற்கு (மிகச் சிறந்த உள்ளீட்டைத் தேடுவதற்கு) பயன்படுத்துவது பரவலான முறை. ஓட்டங்கள் சில நூறு மட்டுமே எனில் காஸியன் செயல்முறை என்ற புள்ளியியல் முறை ஏற்றது. கணிப்போடு சேர்த்து அதன் நம்பகத்தன்மையையும் அது தருவதால், அடுத்து எந்தப் புள்ளியில் மாதிரியை ஓட்டினால் அதிகப் பயன் கிடைக்கும் என்று தீர்மானிக்க முடிகிறது. வழக்கமான முறையில் அதன் கணக்கீட்டுச் செலவு தரவின் எண்ணிக்கையின் மும்மடிக்கு ஏற்ப வளரும். தரவு இரட்டித்தால் செலவு எட்டு மடங்காகும். எனவே பத்தாயிரக்கணக்கான ஓட்டங்கள் இருக்கும்போது பல முடிவு மரங்களைச் சேர்த்துக் கணிக்கும் எக்ஸ்ஜிபூஸ்ட், லைட்ஜிபிஎம் போன்ற மரத்தொகுப்பு முறைகளுக்கோ நரம்பியல் வலையமைப்புக்கோ மாற வேண்டும். மரத்தொகுப்பு முறைகள் அட்டவணைத் தரவில் மிக நன்றாகக் கணித்தாலும், அவற்றின் வெளியீடு படிக்கட்டைப் போல ஏறி இறங்குவது. ஒவ்வொரு படியிலும் சாய்வு (உள்ளீடு சற்று மாறும்போது வெளியீடு மாறும் வீதம்) சுழியம். சாய்வைப் பின்பற்றிச் செல்லும் உகப்பாக்கத்திற்கு அத்தகைய பதிலி பயன்படாது. பயிற்சித் தரவின் எல்லைக்கு வெளியே அது மாறாத ஒரே மதிப்பையே தரும் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

மூன்றாவதாக, கற்றல் முகவர் உருவகப்படுத்தலுக்குள்ளேயே இருந்து ஒவ்வொரு படியிலும் முடிவெடுக்கலாம். இந்த வலுவூட்டல் கற்றல் அமைப்பில் இரண்டு பகுதிகளும் இலட்சக்கணக்கான முறை பேசிக்கொள்வதால், இடையே கோப்பையோ வலைப்பின்னலையோ வைத்தால் பேச்சுக்கே நேரம் முழுவதும் போய்விடும். மாதிரியை ஜிம்னேசியம் என்ற பைத்தான் நிரலகம் வரையறுத்துள்ள இடைமுகத்திற்கு ஏற்ப எழுதிவிட்டால், ஸ்டேபிள்-பேஸ்லைன்ஸ்3 போன்ற ஆயத்தக் கற்றல் முறைகளை அப்படியே பொருத்திக்கொள்ளலாம். ஜிம்னேசியத்தின் முன்னோடியான பழைய ஜிம் நிரலகம் ஒரு தொடர் (தொடக்கம் முதல் முடிவு வரையிலான ஒரு முயற்சி) முடிந்ததா இல்லையா என்பதை ஒரே குறியால் சொல்லிவந்தது. 2022இல் அது இரண்டாகப் பிரிக்கப்பட்டது. அமைப்பு உண்மையிலேயே இறுதி நிலையை அடைந்ததா, நாம் வைத்த நேர வரம்பில் வெட்டப்பட்டதா என்பதை இப்போது தனித்தனியே சொல்ல வேண்டும். வெட்டப்பட்டதை இறுதி நிலை என்று அறிவித்தால், அதன் பிறகு கிடைக்கக்கூடிய பலன் சுழியம் என்று முகவர் தவறாகக் கற்கும். பழைய வழிகாட்டிகளிலிருந்து நிரலை எடுத்துப் பயன்படுத்துவோர் இதைக் கட்டாயம் சரிபார்க்க வேண்டும். ரோபோ அசைவுகளுக்கு முஜோகோ என்ற இயற்பியல் உருவகப்படுத்தி பொருத்தமானது. டீப்மைண்ட் நிறுவனம் அதை வாங்கி 2022இல் திறமூலமாக்கியது. அதன் உள்ளகம் சி மொழியில் வேகமாக ஓடுகிறது. நாம் பைத்தானிலிருந்து அழைக்கிறோம்.

நான்காவது இணைப்பு மிக நெருக்கமானது: உருவகப்படுத்தலின் ஊடாகவே சாய்வைக் கணக்கிட்டு, சமன்பாட்டின் அறியாத பகுதியை நரம்பியல் வலையமைப்பால் நிரப்புவது. இதற்கு, நிரலின் சாய்வைக் கணினியே கணக்கிடும் தானியங்கி வகையிடல் தேவை. பைத்தானின் ஜாக்ஸ், பைடார்ச் நிரலகங்கள், ஜூலியாவின் அறிவியல் கற்றல் தொகுப்புகள் ஆகியவை இங்கே முன்னுக்கு வருகின்றன. ஜாக்ஸில் எழுதும்போது செயற்கூறுகள் பக்கவிளைவு இல்லாதவையாகவும் அணிகளின் அளவு மாறாததாகவும் இருக்க வேண்டும். சீராக ஓடும் காலப் படிகளுக்கு அது மிகப் பொருத்தம். நீளம் மாறிக்கொண்டே இருக்கும் வரிசைகளைக் கொண்ட நிகழ்வுசார் மாதிரிக்குப் பெரும் இடைஞ்சல். மேலும், "வரிசையில் ஐந்து பேர் இருந்தால் இன்னொரு முகப்பைத் திற" என்பது போன்ற விதியின் வழியே சாய்வு ஒழுங்காகக் கடந்துசெல்வதும் இல்லை. ஆகவே நிகழ்வுசார் மாதிரி வைத்திருப்பவர் தானியங்கி வகையிடலுக்காக ஜாக்ஸுக்கு மாறுவதில் பயனில்லை. பைடார்ச்சில் வேறொரு தடை உண்டு. பின்னோக்கிக் கணக்கிடுவதற்காக எல்லா இடைநிலை மதிப்புகளும் நினைவகத்தில் சேர்த்து வைக்கப்படுவதால், ஓர் இலட்சம் காலப் படிகளைக் கொண்ட ஓட்டம் ஜிபியுவின் நினைவகத்தை எளிதில் நிரப்பிவிடும். இடையிடையே நிலையைச் சேமித்து மற்றவற்றைத் திரும்பக் கணக்கிடும் வசதியைப் பயன்படுத்தியே இதைக் கடக்க வேண்டும்.

இனி மொழியைப் பற்றி

எழுதுவதற்கு எளிய மொழியும் வேகமாக ஓடும் மொழியும் வெவ்வேறாக இருப்பது இந்தத் துறையின் பழைய சங்கடம். ஓஸ்லோவில் உள்ள நார்வேஜியக் கணிப்பு மையத்தில் ஓலே-யோஹன் டாலும் கிறிஸ்டன் நிகார்டும் 1960களில் உருவாக்கிய சிமுலா, உருவகப்படுத்தலுக்காகவே பிறந்த மொழி. இன்று எல்லோரும் பயன்படுத்தும் வகுப்பு, பொருள் என்ற கருத்துகள் அதன் 1967ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் உருப்பெற்றன. பியார்னே ஸ்ட்ரூஸ்ட்ரப் கேம்பிரிட்ஜில் ஆய்வு மாணவராக இருந்தபோது ஓர் உருவகப்படுத்தலைச் சிமுலாவில் எழுதினார். எழுத இதமாக இருந்தாலும் அது தாங்க முடியாத அளவுக்கு மெதுவாக ஓடியதால், அதைக் கீழ்நிலை மொழியொன்றில் சிரமப்பட்டு மாற்றி எழுத வேண்டியதாயிற்று. அந்த அனுபவமே பின்னர் அவர் சி++ மொழியை உருவாக்கத் தூண்டுதலானது.

இன்று புதிதாகத் தொடங்குபவருக்குப் பைத்தானையே நான் பரிந்துரைப்பேன். மொழியின் அழகு இதற்குக் காரணம் இல்லை. சைக்கிட்-லேர்ன், பைடார்ச், ஜாக்ஸ் உள்ளிட்ட கற்றல் நிரலகங்களில் பெரும்பாலானவை முதலில் அங்கேதான் வெளிவருகின்றன. பைத்தானின் சாதாரண லூப் (ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யும் நிரல் பகுதி), சி மொழியில் எழுதியதைவிடப் பல பத்து மடங்கு மெதுவாக ஓடக்கூடும் என்பது உண்மை. ஆனால் பெரும்பாலான மாதிரிகளில் அத்தகைய லூப் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். அதை, எண்களின் அணி முழுவதையும் ஒரே கட்டளையில் கையாளும் நம்பை நிரலகத்தின் அணிச் செயல்களாக மாற்றலாம். மாற்ற இயலாவிட்டால் அந்தச் செயற்கூறை மட்டும் நம்பா என்ற தொகுப்பியைக் கொண்டு இயந்திர மொழிக்குத் தொகுக்கலாம். ஏற்கெனவே ஃபோர்ட்ரானில் நன்கு சோதிக்கப்பட்ட மாதிரி இருந்தால் அதைத் தூக்கியெறியாதீர்கள். நம்பையோடு வரும் எஃப்2பை அதைப் பைத்தானிலிருந்து அழைக்க வழிசெய்கிறது. சி++ நிரலுக்கு பைபைண்ட்11 அதே உதவியைச் செய்யும்.

வகைக்கெழுச் சமன்பாடுகளே பணியின் மையம், லூப்கள் நிரல் முழுவதும் பரவிக் கிடக்கின்றன, குழுவினர் புதிய மொழியைக் கற்க ஆயத்தமாக உள்ளனர் என்றால் ஜூலியாவைத் துணிந்து தேர்ந்தெடுக்கலாம். 2018இல் 1.0 பதிப்பை எட்டிய அம்மொழியின் வகைக்கெழுச் சமன்பாட்டுத் தீர்விகள் ஈடிணையற்றவை. முதல் ஓட்டத்தில் தொகுப்பதற்காகக் காத்திருக்க வேண்டியிருந்த குறையும் 2023இல் வந்த 1.9 பதிப்பிலிருந்து கணிசமாகக் குறைந்திருக்கிறது. ஆழ்கற்றலின் அண்மைய மாதிரிகளை எடுத்துப் பயன்படுத்துவதுதான் நோக்கமெனில் அங்கே தேர்வுகள் குறைவு.

எனிலாஜிக், அரீனா, சிமுலிங்க் போன்ற வணிக மென்பொருள்கள், நிரல் எழுதாத மேலாளர்களிடம் மாதிரியைக் காட்டி ஒப்புதல் பெறுவதற்கு மிகவும் உதவுகின்றன. வாங்குவதற்கு முன், வரைகலைச் சாளரம் இன்றிக் கட்டளை வரியிலிருந்து ஓட்ட முடியுமா, ஒரே உரிமத்தில் எத்தனை ஓட்டங்களை இணையாக நடத்தலாம் என்று எழுத்துமூலம் கேட்டுப் பெறுங்கள். கற்றலுக்கு ஆயிரக்கணக்கான ஓட்டங்கள் தேவைப்படும்போது பணியை நிறுத்திவிடுவது பெரும்பாலும் உரிமத்தின் இந்த விதிகள்தாம். இயற்பியல் அமைப்புகளுக்கு எஃப்எம்ஐ என்ற பொதுத் தரநிலை ஒரு நல்ல வழி. சிமுலிங்கிலோ ஓப்பன்மாடலிகாவிலோ உருவாக்கிய மாதிரியை அத்தரநிலைப்படி ஒரு கோப்பாக வெளியேற்றி, பைத்தானில் எஃப்எம்பை கொண்டு ஓட்டலாம்.

கண்ணுக்குத் தெரியாத பொருத்தமின்மைகள்

கற்றல் நிரலகங்கள் வேகத்திற்காக 32 பிட் எண்களை விரும்புகின்றன; உருவகப்படுத்தலுக்கு 64 பிட் வேண்டும். பைடார்ச்சும் ஜாக்ஸும் இயல்பாக 32 பிட்டிலேயே கணக்கிடுகின்றன. ஜாக்ஸில் 64 பிட் வேண்டுமெனில் தொடக்கத்திலேயே அமைப்பை மாற்றியாக வேண்டும். 32 பிட் மிதவைப் புள்ளி எண்ணில் (பின்னங்களையும் குறிக்கும் எண் வடிவத்தில்) 1,67,77,216 என்ற மதிப்போடு ஒன்றைக் கூட்டினால் அதே மதிப்புதான் திரும்ப வரும். மாதிரியின் கடிகாரத்தை நொடிகளில் வைத்து ஒவ்வொரு நொடியாகக் கூட்டிச் சென்றால், ஏறத்தாழ 194 நாள்களுக்குப் பிறகு கடிகாரம் நின்றுவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது.

சமவாய்ப்பு எண்களிலும் இதே விழிப்பு வேண்டும். எட்டுக் கோர்களில் எட்டு ஓட்டங்களை ஒரே விதை எண்ணோடு (சமவாய்ப்பு எண் வரிசையைத் தொடங்கிவைக்கும் எண்ணோடு) தொடங்கினால், எட்டும் ஒரே விடையைத் தரும். அதைக் கவனிக்காமல் சராசரி எடுத்தால் நம்பக இடைவெளி பொய்யாகச் சுருங்கும். நம்பை 2019இல் 1.17 பதிப்பில் புதிய எண் உருவாக்கியை அறிமுகப்படுத்தியபோது, ஒரு தாய் விதையிலிருந்து ஒன்றையொன்று சாராத கிளைகளைப் பிரித்தெடுக்கும் வசதியையும் தந்தது. ஜாக்ஸில் விதைச் சாவியை நாமே வெளிப்படையாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். தேர்ந்தெடுக்க நினைக்கும் கருவியில் இத்தகைய வசதி இல்லையென்றால், அதை இணை ஓட்டங்களுக்குப் பயன்படுத்த வேண்டாம்.

விடை தெரிந்த சிக்கலைக் கொண்டு சோதித்தல்

இரண்டு கருவிகளுக்கு இடையே தயக்கம் நீடித்தால், விளம்பர ஒப்பீடுகளைப் படிப்பதைவிட, சூத்திரத்தால் விடை தெரிந்த ஒரு சிக்கலை இரண்டிலும் எழுதிப் பாருங்கள். நிகழ்வுசார் மாதிரிகளுக்கு ஒற்றை முகப்பு வரிசை போதும்: வருகைகள் நிமிடத்திற்குச் சராசரியாக 0.8, சேவை நிமிடத்திற்குச் சராசரியாக 1, இடைவெளிகள் இரண்டும் அடுக்குக்குறிப் பரவல் என்றால், நீண்ட கால ஓட்டத்தில் அமைப்பில் இருப்போரின் சராசரி 4 பேர். ஒருவர் உள்ளே செலவிடும் சராசரி நேரம் 5 நிமிடங்கள். கருவி இந்த விடைக்கு அருகில் வருகிறதா, எவ்வளவு நேரத்தில் வருகிறது, அதை எழுத எவ்வளவு பாடுபட வேண்டியிருந்தது என்பவற்றை ஒருசேரக் குறித்துக்கொள்ளலாம். தொடர் மாதிரிகளுக்கு வான் டெர் போல் சமன்பாட்டை அதன் அளவுரு 1,000 என்று வைத்துத் தீர்த்துப் பாருங்கள். விறைப்பைக் கையாளும் திறன் உடனே வெளிப்பட்டுவிடும். இச்சோதனையின் முடிவில் அதே மாதிரியைக் கற்றல் நிரலகத்தோடு ஒருமுறை இணைத்தும் பார்த்துவிட வேண்டும். இணைப்பில்தான் எதிர்பாராத சிக்கல்கள் தலைகாட்டும்.

கருவியின் ஆயுளும் கணக்கில் வர வேண்டும். ஆழ்கற்றலுக்கு வழிவகுத்த தியானோ நிரலகத்தின் மேம்பாட்டை அதை உருவாக்கிய மாண்ட்ரியல் குழுவே 2017இல் நிறுத்திக்கொண்டது. அதை நம்பியிருந்தவர்கள் வேறிடம் செல்ல நேர்ந்தது. ஆகவே மாதிரியின் விதிகளை ஒரு கோப்பிலும், கற்றல் நிரலகத்தை அழைக்கும் பகுதியை வேறொரு கோப்பிலும் எழுதி, இரண்டுக்கும் இடையே எண்களின் அணிகள் மட்டுமே கைமாறும்படி அமைத்துக்கொள்ளுங்கள். பயன்படுத்தும் ஒவ்வொரு தொகுப்பின் பதிப்பையும் பூட்டிவைக்கும் கோப்பு முதல் நாளிலிருந்தே இருக்கட்டும். ஜூலியாவில் அது தானே உருவாகிறது, ஆர் மொழியில் ரென்வ் உள்ளது, பைத்தானில் யுவி போன்ற கருவிகள் அதைச் செய்கின்றன. அந்தக் கோப்போடு, எந்தக் காரணத்திற்காக இந்தக் கருவியைத் தேர்ந்தோம், ஓட்டங்களின் எண்ணிக்கை எவ்வளவாகப் பெருகினால் இதை மறுபரிசீலனை செய்வோம் என்பதையும் அரைப்பக்கத்தில் எழுதிச் சேர்த்துவைத்தால், பின்னால் குழுவில் சேர்பவர் அதே ஆராய்ச்சியை முதலிலிருந்து தொடங்க வேண்டியிராது.